தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

அத்திமரத்தூர், ஜவ்வாது மலை
14-6-1981

அன்புள்ள மாமாவுக்கு,

அம்சவல்லி எழுதுவது. வீட்டில் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. சிரிக்காதீர்கள், ஃபாரஸ்ட்காரர்களின் நாற்றங்காலில்தான். பையில் மண் ரொப்புகிற வேலை. சந்தனக்கட்டை சுமந்தீர்கள் என்று உங்களைப் பிடித்துக்கொண்டு போனவர்களே எனக்குக் கூலி கொடுக்கிறார்கள். ஊரில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அடுப்பில் உலை வைக்க வேண்டியவள் நான்.

ஒரே சிக்கல் குப்புதான். கைப்பிள்ளையோடு வரக்கூடாதாம். "நாத்தப் புடுங்கிப் போட்டுடும்மா, அப்பறம் நான்தான் பதில் சொல்லணும்" என்றார் வாட்சர். நம் கொல்லைக்காட்டுக்குப் போகிற நாளிலும் மரத்தில் தூளி கட்டிப் போட எனக்குத் தைரியம் இல்லை. பெரியவளைக் காய்ச்சல் கொண்டுபோனது. அடுத்தவன் அந்தத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் பாம்பு தீண்டிப் போனான். அந்த மரத்தின் பக்கமே நான் போவதில்லை.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையக்கா இருந்தும் இல்லாத கதைதான். பிறந்த மூன்றாம் நாள் குப்புவை அக்கா மடியில் போட்டு, ஒரு முறம் சாமைத் தவிடு கொடுத்து அவளிடமிருந்து வாங்கிக்கொண்டோமே. விற்றவள் வாசற்படியைப் பிள்ளை ஐந்து வயதுவரை மிதிக்கக்கூடாது. மிதித்தால் விற்றதும் வாங்கியதும் செல்லாமல் போய், மற்ற இரண்டையும் கொண்டுபோனது இதையும் தேடி வரும். குப்பு அந்தப் பக்கம் நடந்தால் அக்காவே கதவைச் சாத்திக்கொள்கிறாள், பாவம்.

உங்கள் அக்கா மங்கம்மாளைக் கேட்டேன். "வுட்டுட்டுப் போ, ஆட்டோட ஆடா கெடக்கும்" என்றார். அவர் ஆடு வளர்க்கிற லட்சணம் எனக்குத் தெரியும்.

மிச்சம் இருப்பது பால்வாடி. போய்ப் பார்த்தேன். டீச்சர் சின்னப் பெண், சந்தவாசலிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். பஸ் வந்தால் பால்வாடி, வராவிட்டால் பூட்டு. உப்புமா போட்டுவிட்டு, ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு, திரும்புகிற பஸ்ஸுக்கு ஓடுகிறாள். அப்புறம் பிள்ளைகள் கிணற்று மேட்டில் விளையாடுகின்றன. "அம்மாக்காரி வர்ற வரைக்கும் யாரு பாத்துப்பாங்க?" என்று கேட்டேன். "அதாங்க எனக்கும் தெரியல" என்றாள். பொய் சொல்லவில்லையே என்று அவளை எனக்குப் பிடித்துவிட்டது. ஊரில் யாராவது தங்க இடம் கொடுத்தால் பொழுது சாயும்வரை இருப்பேன் என்கிறாள். நம் வீட்டில் ஒரு மூலை கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. உங்கள் யோசனையை எழுதுங்கள்.

இப்படிக்கு,
அம்சவல்லி


வேலூர் சிறை
2-7-1981

அம்சாவுக்கு,

வேடியப்பன் எழுதுவது. இங்கே வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் ஆபீசில் ஒருவர் படிக்கிறார். என்னைத் திட்டுவதாக இருந்தால் கொஞ்சம் மரியாதையாகத் திட்டு.

பால்வாடி வேண்டாம். கிணற்று மேட்டில் பிள்ளையை அவிழ்த்துவிடுகிற இடத்துக்குப் பேர் பால்வாடியா? அந்த டீச்சரை வீட்டில் வைக்கிற பேச்சும் வேண்டாம். வீட்டு ஆம்பிளை ஜெயிலில் இருக்கிறான், வயசுப் பெண்ணைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள் என்று ஊர் நாக்கு நீளும். உனக்கு ஊரைப் பற்றித் தெரியாதா?

என்னோடு இருக்கிற ரங்கசாமி ஆலங்காயத்துக்காரர். ஊருக்கு வெளியே யாரோ ஒரு சங்கத்தார் பிள்ளைகள் காப்பகம் நடத்துகிறார்களாம். வேலைக்குப் போகிறவர்கள் மாதக்கணக்கில் விட்டுவிட்டுப் போகலாமாம். பால் உண்டு, முட்டை உண்டு, டாக்டர் வருகிறார். அவர் தங்கை இரண்டு பிள்ளைகளை அங்கே விட்டுத்தான் செங்கல் சூளைக்குப் போய் வந்தாளாம். பிள்ளைகள் கன்னம் உப்பித் திரும்பி வந்தன என்கிறார். நான் வெளியே வருகிறவரை அங்கே இருக்கட்டும்.

போகும்போது இரண்டு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள். புருஷன் ஜெயிலில் என்று சொல்லாதே, சேர்க்க மாட்டார்கள். அடுத்தது, யார் கேட்டாலும் நம் பிள்ளை என்று உன் வாயால் சொல்லிவிடாதே. புது இடம், நான்கு பேர் கேட்பார்கள், நீ வெகுளி. தவிட்டுப் பிள்ளை, பாஞ்சாலை பிள்ளை, அவ்வளவுதான். இரண்டு குழி வெட்டியது இந்தக் கை. இன்னொன்று வெட்ட என்னால் ஆகாது.

வேடியப்பன்


அத்திமரத்தூர்
20-7-1981

அன்புள்ள மாமாவுக்கு,

குப்புவை வீட்டில் விட்டுப் போக ஆளில்லாமல், இடுப்பில் தூக்கிக்கொண்டே ஆலங்காயம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

குறை சொல்ல இடமில்லை. நீளமான கூடம், கழுவிவிட்ட தரை, வரிசையாக இரும்புக் கட்டில். சமையலுக்குச் சம்பூர்ணம்மா என்று ஒருவர், அப்படியொரு பருப்பு வாசம் நம் வீட்டில் என்றைக்கும் வந்ததில்லை. ஆனால் ஒன்று என் மனசை அறுக்கிறது. நான் உள்ளே போனதும் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டன. முன்பின் பார்த்திராத என்னை. ஒரு பையன் என் காலைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. குப்பு வேற்று மனிதரைக் கண்டால் என் முதுகில் முகத்தைப் புதைக்கிறவள். அந்தப் பிள்ளைகளுக்கு வேற்று முகம் எது, சொந்த முகம் எது என்ற கணக்கே இல்லை. பயந்து அழுகிற பிள்ளை ஒன்றுகூட அங்கே இல்லை மாமா. அது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை.

டீச்சரை மறுபடி பார்த்தேன். தனக்கு நம் வீடே போதும் என்கிறாள். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். ஊர் நாக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்சவல்லி


வேலூர் சிறை
5-8-1981

அம்சா,

பிள்ளைகள் அழவில்லை என்று குறை சொல்கிற பொம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன். வயிறு நிறைந்த பிள்ளை இன்னாத்துக்கு அழும்?

கிணறு வேண்டுமா, கட்டில் வேண்டுமா? நான் உள்ளே கிடக்கிறேன், என் பேச்சு எடுபடாது என்று நினைத்தால் உன் இஷ்டம்போல் செய். மூன்றாவதும் போனால் எனக்குக் கடிதம் போடாதே.

வேடியப்பன்


அத்திமரத்தூர்
23-8-1981

மாமாவுக்கு,

விட்டுவிட்டேன். உங்கள் மனசு குளிரட்டும்.

காப்பகத்து மேடம் பம்பாயில் பிறந்து வளர்ந்தவராம். தமிழ் பேசுகிறார், நறுக்கு நறுக்கென்று. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டே கேட்டார்.

"இது உன் குழந்தைதானே?"

"இல்லீங்க."

"பின்னே யாருது?"

"பாஞ்சாலன்னு ஒருத்திங்க. அவகிட்ட ஒரு மொறம் தவுட்டுக்கு வாங்குனதுங்க."

நம் பக்கத்தில் இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரித்துவிட்டு, 'நல்லா இருக்கட்டும் தவுட்டுப் புள்ள' என்பார்கள். அவர் சிரிக்கவில்லை. பேனாவை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்பா?"

"யாரும் இல்லீங்க."

நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். சொல்லும்போது குப்பு என் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். தீபாவளி கழிகிறவரை வந்து பார்க்கக்கூடாது, பார்த்தால் பிள்ளை ஏங்கிப்போகும் என்று சொல்லிவிட்டார்கள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தெரு முனைவரை அவள் குரல் கேட்டது. அந்தக் கூடத்தில் அழத் தெரிந்த பிள்ளை ஒன்று சேர்ந்துவிட்டது.

அம்சவல்லி


வேலூர் சிறை
10-9-1981

அம்சாவுக்கு,

போன கடிதத்தில் கோபத்தில் எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. எழுதி அனுப்பின ராத்திரியே தப்பு என்று தெரிந்தது. ஆபீசில் போய்த் திருப்பிக் கேட்க முடியுமா?

நீ சொன்ன பதிலை ரங்கசாமிக்குப் படித்துக் காட்டினேன். "கெட்டிக்காரி, எமனையே ஏமாத்திட்டா" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் சோறு ருசித்தது. ஐந்து வயசு முடியட்டும். கோயிலில் பொங்கல் வைத்து, ஊரைக் கூட்டி, நம் பிள்ளை என்று நானே கூவிச் சொல்கிறேன். அதுவரை பல்லைக் கடித்துக்கொள்.

வேடியப்பன்


அத்திமரத்தூர்
19-12-1981

மாமா,

குப்பு அங்கே இல்லை.

தீபாவளி முடிந்ததும் போக இருந்தேன். மழையில் மலைப்பாதை சரிந்து பஸ் நின்றுவிட்டது. வழி திறந்ததும் கொஞ்சம் தேன், ஒரு கவுன் எடுத்துக்கொண்டு போனேன். கூடத்துப் பிள்ளைகள் ஓடிவந்து புடவையைப் பிடித்தன. ஒவ்வொரு தலையாக நிமிர்த்திப் பார்த்தேன்.

மேடம் என்னை உட்காரச் சொல்லவில்லை. குப்புவை மெட்ராஸுக்கு அனுப்பியாகிவிட்டதாம். வெளிதேசத்துக்காரர்கள் பிள்ளையில்லாதவர்களாம், கோர்ட்டில் எழுதி வாங்கி வளர்க்கப் போகிறார்களாம். நான் காலில் விழுந்தேன். எழுந்திரு என்றார்.

"நீதானே சொன்னே, உன் குழந்தை இல்லேன்னு? ஒருத்திகிட்டே தவிட்டுக்கு வாங்கினேன்னு? குழந்தையைத் தவிட்டுக்கு வாங்கறவகிட்டே மறுபடி குடுக்கறதுக்கா நாங்க இந்த இடத்தை நடத்தறோம்?"

அப்போதுதான் புரிந்தது மாமா. நான் சொன்னது ஒவ்வொன்றையும் அவர் அப்படியே நம்பியிருக்கிறார். ஒரு சண்டாளியிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சம்பூர்ணம்மா சமையற்கட்டிலிருந்து ஓடிவந்து, "ஐயோ, அது சாங்கியங்கம்மா, பொறக்கறதெல்லாம் செத்துச் செத்துப் போனா அப்பிடிச் சொல்றதுங்க" என்று அழுதார். மேடத்தின் முகம் வெளுத்துப் போனது. ஆனாலும் தன்னால் இனி ஒன்றும் ஆகாது, பெரிய அதிகாரியிடம் மனு கொடு என்றார்.

கொடுத்திருக்கிறேன், பெற்றது யார் என்று அதில் எழுதவில்லை. விசாரணையில் பெற்றவள் நேரில் வந்து சொன்னால் மெட்ராஸுக்கு எழுதுவாராம். காகிதம் முடிகிறவரை பிள்ளை இன்னும் மெட்ராஸில்தான் இருக்குமாம். தை மாதம் விசாரணை. உடனே எழுதுங்கள், எனக்குத் தலை வேலை செய்யவில்லை.

அம்சவல்லி


வேலூர் சிறை
2-1-1982

அம்சா,

உன் கடிதத்தை ஆபீஸ்காரரே கொண்டுவந்து கையில் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்த்தபோதே ஏதோ என்று தெரிந்துவிட்டது.

சுவரில் முட்டிக்கொண்டேன், அதை விடு. நன்றாக யோசித்து எழுதுகிறேன், கேள். நீ சொல்லாதே. பெற்றவள் வாயிலிருந்து வந்தால் சாங்கியம் முறிந்துபோகும். பிள்ளை கண்ணுக்கு எட்டாத இடத்தில் கிடக்கிறது, அங்கே ஒன்று ஆனால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. பாஞ்சாலையைக் கூட்டிப் போ. விற்றவள் அவள், திருப்பிச் சொல்ல அவளுக்குத்தான் பாத்தியம். 'நான் பெறவில்லை, அம்சவல்லி பெற்றது' என்று அவள் சொல்லட்டும். மேடம் எழுதி வைத்ததிலும் அவள் பேர்தானே இருக்கும். சாங்கியமும் நிற்கும், பிள்ளையும் வரும்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பிள்ளை கிடைக்காமல் போகிற பயம் ஒரு பக்கம், கிடைத்துச் செத்துப்போகிற பயம் ஒரு பக்கம்.

வேடியப்பன்


அத்திமரத்தூர்
8-2-1982

மாமாவுக்கு,

நடந்ததை எழுதிவிடுகிறேன். அப்புறம் எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

பாஞ்சாலையக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் வழி முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன். "சொல்றண்டி, சொல்றண்டி" என்றாள். அதிகாரி நல்ல மனிதர். அக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

"பயப்படாம சொல்லும்மா. அந்தக் குழந்தையைப் பெத்தது யாரு?"

அக்கா என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"நாந்தாங்க பெத்தேன். தவுட்டுக்குக் குடுத்துட்டேன்."

நான் கத்தினேன். "பொய்யிங்க! எம்புள்ளைங்க! நான் பெத்ததுங்க!" என்று வயிற்றில் அறைந்துகொண்டு சொன்னேன். மாமா, அவள் பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னைக்கு உன்னுது இல்லேன்னியாம், இன்னைக்கு உன்னுதுங்கறே. இந்தம்மா தன்னுதுங்கறாங்க. நான் எதைன்னு எழுதறது?" என்றார். நம் ஊர்க்கவுண்டரைக் கூட்டிவருகிறேன் என்றேன். வா என்றார். கவுண்டரோடு மறுபடி போவதற்குள் மெட்ராஸிலிருந்து தகவல் வந்துவிட்டது. வெளிதேசத்துக்காரர்கள் குப்புவோடு விமானம் ஏறிப் போய்விட்டார்களாம்.

விசாரணை நடந்த அன்று திரும்பி வரும்போது அக்காவை நான் அடித்தேன். வாங்கிக்கொண்டாள். "நெல்லிவாசல்ல என் தங்கச்சி, அவ தவுட்டுப் புள்ளய அஞ்சு வயசு ஆவறதுக்குள்ள எம்புள்ளன்னு கூப்ட்டாடி. அந்த வாரமே போய்டுச்சுடி. நான் எப்பிடிச் சொல்வேன்? எங்கயோ உசுரோட இருக்கட்டும்டி" என்று அழுதாள். அவளை வெறுக்க முடியவில்லை. உங்களை வெறுக்க முடிகிறது. இரண்டு தடவையும் உங்கள் பேச்சைக் கேட்டு என் வாயை மூடிக்கொண்டேன், அதற்காக என்னையும் வெறுக்கிறேன்.

பால்வாடி டீச்சருக்கு ஊர்க்கவுண்டர் வீட்டில் இடம் கொடுத்துவிட்டார்கள். கிணற்றுக்கு வேலி போட வைத்திருக்கிறாள். பொழுது சாயும்வரை பிள்ளைகள் சத்தம் இங்கே கேட்கிறது.

அம்சவல்லி


வேலூர் சிறை
11-4-1982

அம்சா,

இது மூன்றாவது கடிதம். பதில் இல்லை. திட்டியாவது எழுது. ஆபீஸ்காரர் படித்தால் படிக்கட்டும்.

விமானம் சிறைக்கு மேலே போனால் முற்றத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. ஜெயிலுக்குப் போனவன் பிள்ளை என்று எழுதியிருந்தால்கூட அந்த மேடம் ஒரு கடிதம் போட்டிருப்பார் அல்லவா? அப்பன் இல்லை என்று சொல்ல வைத்தேனே. இரண்டைக் குழியில் வைத்தேன், ஒன்றை நானே வாரிக் கொடுத்தேன்.

வேடியப்பன்


ஆலங்காயம்
22-8-1982

குப்புவின் அப்பாவுக்கு,

மலைக்கு நீங்கள் போட்ட கடிதங்களையெல்லாம் பாஞ்சாலையக்கா கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

நான் காப்பகத்தில் இருக்கிறேன். ஆயா வேலை. அந்த மேடம் வேலையை விட்டுப் போய்விட்டார். சம்பூர்ணம்மா புதிதாக வந்தவரிடம் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். அந்த இடத்திலேயா என்று கேட்பீர்கள். எனக்கும் முதல் மாதம் அந்தக் கூடத்தில் சோறு இறங்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவளைக் கொண்டுபோனவர்களுக்கு நம் மலை தெரியாது, நம் பேர் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த விலாசம் இந்தக் கட்டடம் ஒன்றுதான். என்றைக்காவது பெரியவளாகி, என்னைப் பெற்றது யார் என்று அவள் தேடினால் இங்கேதான் வந்து நிற்பாள். அப்போது இங்கே ஒருத்தி இருக்க வேண்டும். பைத்தியக்காரத்தனம் என்று சம்பூர்ணம்மாவே சொல்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் புதூர் நாட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் கைப்பிள்ளையோடு வந்தாள். சாங்கியத்துக்காக மூக்குக் குத்திய பையன். யாருடைய பிள்ளை என்று கேட்டதும், "தவுட்டுப் புள்ளைங்க" என்றாள். "தவுடும் வேணாம், உமியும் வேணாம். வவுத்தத் தொட்டுச் சொல்லு, யாரு புள்ள?" என்றேன். அழுதாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். கடைசியில் காதோடு காதாகச் சொன்னாள். எழுதுகிறவருக்குக் கேட்கிற மாதிரி சொல்லு என்று மறுபடி சொல்ல வைத்தேன். அப்பன் பேரையும் ஊர் பேரையும் சொல்ல வைத்தேன். அதற்கப்புறம் தினமும் விடிந்ததும் அந்தப் பையன் மூக்கில் கை வைத்து மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறேன். பயம் எனக்கு இன்னும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். நாம் சொல்லாமல் இருந்ததால்தான் குப்பு எங்கேயோ உயிரோடு இருக்கிறாளோ என்று சில நாள் தோன்றுகிறது. அப்படித் தோன்றுகிற நாளில்தான் வேலை செய்ய முடிகிறது.

அடுத்த மாதம் உங்களை விட்டுவிடுவார்கள் என்று ரங்கசாமியின் தங்கை வந்து சொன்னாள். மலைக்குப் போகாதீர்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது. நேராக இங்கே வாருங்கள். யார் நீ என்று வாட்ச்மேன் கேட்பான். அம்சவல்லி புருஷன் என்று சொன்னால் நான் வெளியே வர மாட்டேன். குப்புவின் அப்பன் என்று சொல்லுங்கள். கூடத்துக்குள் இருக்கிற எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குப்புவின் அம்மா